தலையிடி தலையிலிருந்துதான் வருகிறதா?

"டொக்டர், மூளைக்குள் ஏதும் கட்டியாக இருக்குமோ?"

இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு, பகலில் தையல் மெசினுக்கு முன்னால் குனிந்திருக்கும் ஒரு தாய் கேட்ட கேள்வி இது. பிடரியில் தொடங்கி, ஒரு பக்கத்தால் ஏறி, கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கும் தலையிடி. நான்கு மாதங்களாகத் தினமும் பனடோல். பயத்தில் நித்திரையும் இல்லை. கழுத்தை வலப்பக்கம் திருப்ப முடியவில்லை. பிடரித் தசையை அழுத்தியதும், "இதே நோதான்!" என்றார்.

கழுத்து நோ கண்ணுக்குப் பின்னால் தெரிவது எப்படி? கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், நெற்றியின் உணர்ச்சியைக் கொண்டுவரும் நரம்பும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரே இடத்தில் சேர்கின்றன. அதனால் நோ எங்கிருந்து வருகிறது என்பதை மூளை பிழையாக விளங்கிக்கொள்கிறது. நமது தலையின் பாரம் 4 முதல் 5 கிலோ. நாம் குனிந்திருக்கும் நேரமெல்லாம் பிடரித் தசைகள்தான் அதை இழுத்துப் பிடிக்கின்றன.

ஆனால் ஒற்றைத் தலையிடியிலும் கழுத்து நோகும். ஆகவே நீங்களாக முடிவெடுக்காமல் உங்கள் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை:

* அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து தோள்களை அசையுங்கள்.
* நேராக இருந்து, நாடியைப் பின்னோக்கி இழுத்து 5 செக்கன் வைத்திருங்கள். இப்படி 10 தடவை. நோ கூடினால் நிறுத்துங்கள்.
* முடிவெட்டும் இடத்தில் கழுத்தை நெட்டி முறிக்க விடாதீர்கள். அரிதாகக் கழுத்து நாடி கிழிந்து பாரிசவாதம் வரலாம்.
* மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ பனடோல் போட்டு, அது மூன்று மாதங்களைத் தாண்டினால், அந்த மாத்திரையே தலையிடியைத் தரலாம். கொடீன் கலந்ததென்றால் 10 நாட்களே போதும்.

திடீரென இடிவிழுந்தாற்போல் வரும் தலையிடி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், தலையில் அடிபட்டபின் கூடிவரும் நோ என்றால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலையிடி தொடங்கி, மெல்லும்போது தாடை நொந்தால் அல்லது பார்வை மங்கினால் அன்றே வைத்தியரைக் காணுங்கள். பார்வையே பறிபோகலாம்.

அந்தத் தாயிடம் இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை, ஸ்கானும் தேவைப்படவில்லை. மாத்திரையை நிறுத்திய முதற் கிழமை நோ கூடத்தான் செய்தது. பயிற்சியை விடவில்லை, தையல் மேசையையும் உயர்த்தினார். இரண்டு மாதங்களின் பின் வந்து சொன்னார்: "இப்ப நித்திரை வருகுது, டொக்டர்."