கண்ணில் ஊசி போட்ட பிறகு பார்வை மங்கினால்?

அப்பாவுக்கு வயது சார்ந்த மாகுலா சிதைவு, மாதாமாதம் கண்ணில் ஊசி. போட்ட மூன்றாம் நாள் போன் பண்ணி, "சரியா தெரியலப்பா" என்கிறார். 'அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல பார்த்துக்கலாம்' என்று சொல்லிடாதீங்க.

ஊசி போட்ட அன்று உறுத்தலும், மிதக்கும் கரும்புள்ளிகளும் சகஜம். ஓரிரு நாளில் அடங்கும். மாறாக, வலியும் சிவப்பும் மங்கலும் கூடிக்கொண்டே போனால் கண்ணுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். சில ஆயிரம் ஊசிகளில் ஒன்றில்தான் இது வரும், ஆனால் சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகலாம். வலியே இல்லாமல் திரை விழுந்ததுபோல் மறைத்தால்? விழித்திரை விலகலோ ரத்தக்கசிவோ காரணமாகலாம்.

விலை குறைவு என்பதால் பலருக்கும் போடப்படும் பெவாசிசுமாப், உண்மையில் புற்றுநோய் மருந்து. ஒரே குப்பியைப் பல சிரிஞ்சுகளில் பிரிப்பார்கள். அங்கே சுத்தம் ரொம்ப முக்கியம். குஜராத்தில் சிலர் பாதிக்கப்பட்டதால் 2016-இல் கண்ணுக்கு இதைப் பயன்படுத்துவது சில வாரங்கள் நிறுத்தப்பட்டு, பிறகு அனுமதிக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமையானாலும் அன்றே விழித்திரை நிபுணரிடம் கூட்டிட்டுப் போங்க. மருந்தின் பெயரும் ஊசி போட்ட தேதியும் உள்ள சீட்டு கையில் இருக்கட்டும்.