உமிச் சாம்பலுக்கு வந்த மவுசு!

பாகூர் என்றதும் புதுச்சேரிவாசிகளுக்கு நெல்தான் நினைவுக்கு வரும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய ஊர் அல்லவா? நெல்லைக் குத்தியதும் அரிசி நம் வீட்டு உலைக்கு வந்துவிடுகிறது. தவிடு மாட்டுக்குப் போய்விடுகிறது. உமி என்ன ஆகிறதென்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

பெரும்பாலும் நெல் அவிக்கும் ஆலைகளின் அடுப்பிலேயே அது எரிந்து போகிறது. 1000 கிலோ நெல்லில் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் ஏறக்குறைய 40 கிலோ சாம்பல். வெட்டவெளியில் கொட்டினால் காற்றில் பறந்து, கொடியில் உலர்த்திய துணியிலும் அண்டை வீட்டுக் கிணற்றிலும் விழுந்து சண்டை மூட்டுகிற சாம்பல்தான்! அதையே பக்குவமாகக் கான்கிரீட் கல்லில் சேர்த்தால் வீட்டுச் சுவருக்கு வலுவூட்டும் என்றால் நம்ப முடிகிறதா?

உங்கள் பாட்டி நம்பியிருப்பார். உமிக்கரியால் பல் துலக்கி, பித்தளைக் குடத்தைப் பளபளவென்று தேய்த்தவர் அவர். அந்தச் சொரசொரப்புக்குக் காரணம் சிலிக்கா. மணலில் இருப்பதும் அதுதான். நன்றாக எரிந்த உமிச் சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 பங்கு வரை சிலிக்காவே.

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது ஒருவகைச் சுண்ணாம்பு உண்டாகிறது. தனியே அதனால் கல்லுக்கு அதிக பலம் இல்லை. சாம்பலிலுள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடு கூடியதும், அதுவும் சிமெண்டைப் போல் இறுகிவிடுகிறது. கல்லின் நுண்துளைகளும் அடைபடுகின்றன.

இது புது வித்தை அல்ல. எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து ரோமானியர் எழுப்பிய பாந்தியன் கோயிலின் கூரை சுமார் 1900 ஆண்டுகளாக நிற்கிறது. எரிமலைக்கு எங்கே போவோம் என்று நம் கொத்தனார்கள் கலங்கவில்லை. சுட்ட செங்கல்லைப் பொடித்து, சுர்க்கி என்று சொல்லிச் சுண்ணாம்பில் சேர்த்தார்கள். சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூருக்குச் சுட்ட களிமண்ணின் மகிமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்த சிமெண்டுக்கு 2023-இல் இந்தியத் தர நிர்ணயமே வந்துவிட்டது.

உமிச் சாம்பலை 1970-களில் ஆராய்ந்து உலகறியச் செய்தவர், கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக் கழகப் பேராசிரியர் பி. குமார் மேத்தா. கான்கிரீட்டுக்கான நம் நாட்டு விதிகளும் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கு இடம் கொடுத்திருக்கின்றன. இதனால் சிமெண்ட் மிச்சமாகும். சிமெண்ட் ஆலை வெளிவிடும் கரியமில வாயுவும் அந்த அளவுக்குக் குறையும். செங்கல்லுக்குப் பதில் இந்தக் கல் வந்தால், விளைநிலத்தின் மேல்மண்ணும் சூளைக்குப் போகாமல் தப்பும்.

ஆனால், எல்லாச் சாம்பலும் உதவாது. கன்னங்கரேலென்று இருந்தால் அதில் எரியாத கரி மிகுதி. அது தண்ணீரைக் குடித்துக் கலவையைக் கெடுக்கும். அளவுக்கு மீறிய சூட்டில் எரிந்தாலோ சிலிக்கா படிகமாகிவிடும். சுண்ணாம்போடு எளிதில் சேராது. அந்தத் தூசு நுரையீரலுக்கும் பகை. சுமார் 600, 700 டிகிரிக்குள் எரிந்து, மாவாக அரைபட்ட சாம்பலே உத்தமம்.

ஆகவே, சகோதரிகளே, வீடு கட்டும் பொறுப்பு உங்களுடையதானால், "சாம்பல் கல் மலிவு" என்ற பேச்சுக்கு மட்டும் மயங்காதீர்கள். சிமெண்டில் எத்தனை பங்குக்குப் பதிலாகச் சாம்பல் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். நூற்றுக்குப் பத்து, பதினைந்து என்றால் பயமில்லை. இந்தக் கல் மெதுவாகத்தான் பலம் பெறும். ஏழு நாளோடு நிறுத்தாமல் இரண்டு வாரமாவது நீர் தெளித்து ஈரம் காத்தார்களா என்று விசாரியுங்கள். சோதனைச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள்: 24 மணி நேரம் ஊறவைத்த கல், தன் உலர்ந்த எடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கக் கூடாது.

கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். ஆயுசுக்கும் நம்மைத் தாங்கப் போகிற கல்லைப் பாராமல் வாங்கலாமா?