விதியோடு காரணமும்: ஆட்டிசக் குழந்தைக்குச் சமூகப் பழக்கங்களைச் சொல்லித் தருதல்

வரிசையில் முன்னால் நிற்பவரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, வீட்டுக்கு வந்தவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதற்கெல்லாம் பாடப்புத்தகம் கிடையாது. பெரும்பாலான குழந்தைகள் பெரியவர்களின் முகத்தையும் குரலையும் கவனித்தே இவற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அந்தக் குறிப்புகள் அதே வேகத்தில் போய்ச் சேருவதில்லை. "மாமா, உங்க தலையில முடியே இல்லையே" என்று அது சொல்வது துடுக்குத்தனம் அல்ல; கண்ணில் பட்ட உண்மையைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

1985இல் லண்டனில் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் ஆகியோர் நடத்திய பொம்மைச் சோதனை இத்துறையில் புகழ்பெற்றது. சாலி என்ற பொம்மை ஒரு கோலிக்குண்டைத் தன் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் என்ற இன்னொரு பொம்மை அதை எடுத்துப் பெட்டியில் ஒளித்துவைக்கிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள் என்பதுதான் கேள்வி. குண்டை மாற்றியதைப் பார்க்காத சாலி கூடையில்தான் தேடுவாள். ஆனால் ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர், குண்டு உண்மையில் இருந்த பெட்டியையே காட்டினார்கள். பிறர் மனத்தில் ஓடுவதை ஊகிப்பது இவர்களுக்குக் கடினம் என்ற கருத்து இதிலிருந்து வேரூன்றியது. ஆனால் தானும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன், 2012இல் மறுபக்கத்தையும் சுட்டினார்: ஆட்டிசம் உள்ளவரின் மனத்தைப் புரிந்துகொள்வதில் மற்றவர்களும் தடுமாறத்தான் செய்கிறார்கள். குழந்தையை மட்டும் திருத்தக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆசிரியராக இருந்த கேரல் கிரே, 1990களின் தொடக்கத்தில் 'சமூகக் கதை' என்ற முறையை உருவாக்கினார். குறிப்பிட்ட ஒரு சூழலில் என்ன நடக்கும், ஏன் நடக்கும், அப்போது குழந்தை என்ன செய்யலாம் என்பதை விளக்கும் சிறு எழுத்து அது. வீட்டுக்கு விருந்தாளி வருவதைப் பற்றி எழுதினால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"சில நாள் எங்க வீட்டுக்கு விருந்தாளிங்க வருவாங்க. அப்போ வீட்ல சத்தம் கொஞ்சம் கூடும். அவங்க என்கிட்ட 'நல்லா இருக்கியா'ன்னு கேப்பாங்க. என்னைப் பாத்த சந்தோஷத்துல கேக்கலாம். நான் 'நல்லா இருக்கேன்'னு சொல்லிப் பாப்பேன். சத்தம் தாங்க முடியலைன்னா என் ரூமுக்குப் போகலாம். அதுல தப்பு ஒண்ணும் இல்லை."

இதில் கட்டளை அநேகமாக இல்லை. செய்ய வேண்டியதைச் சொல்லும் வாக்கியம் ஒன்று இருந்தால், நடப்பதை விவரிக்கும் வாக்கியங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பது கிரே வகுத்த கணக்கு. 'எப்போதும்' என்ற சொல்லுக்குப் பதில் 'சில நாள்', 'பெரும்பாலும்' என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் குழந்தைக்கு, விதி ஒருநாள் பொய்த்தால் பெரும் கலக்கம். எழுதும் கதைகளில் பாதியாவது, குழந்தை ஏற்கெனவே நன்றாகச் செய்வதைப் பாராட்டுவதாக இருக்க வேண்டும் என்றும் கிரே வலியுறுத்தினார். நடைமுறையில் முதலில் மறக்கப்படுவது இதுதான். தப்பு செய்த பிறகு மட்டும் கையில் எடுக்கப்படும் கதை, குழந்தைக்குத் தண்டனையாகவே தெரியும்.

சமூகக் கதை முறையின் பலன் குழந்தைக்குக் குழந்தை மாறுகிறது. பிரிட்டன் பள்ளிகளில் நடந்த பெரிய ஆய்வொன்றில், பொதுவான சமூகத் திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. அந்தந்தக் குழந்தைக்கென்று வைத்த தனி இலக்குகள் மட்டும் கூடுதலாக நிறைவேறின. அதனால் 'மரியாதையாக நடந்துகொள்' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதைவிட, ரேஷன் கடை வரிசையில் நிற்பது எப்படி என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதே பயன்தரும். படிக்கத் தெரியாத குழந்தைக்கு அதே கடையின் புகைப்படங்களோ, அண்ணன் வரிசையில் நிற்பதை செல்போனில் எடுத்த சிறு வீடியோவோ போதும்.

தமிழ் வீடுகளில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் 'நான்', 'நீ' என்பவற்றையே மாற்றிச் சொல்வார்கள். அதன்மேல் நீ, நீங்க வேறுபாடும் வந்து சேருகிறது. வயதை வைத்துப் பிரித்துவிடலாம் என்றால், அம்மாவை 'நீ' என்றும் பக்கத்து வீட்டு அக்காவை 'நீங்க' என்றும் அழைக்கும் வீடுகளில் அந்த விதி உடைந்துபோகிறது. ஆட்களின் புகைப்படங்களை இரண்டு தாள்களில் பிரித்து ஒட்டிக் காட்டுவது எளிய வழி. புதியவர் என்றால் 'நீங்க' என்று பழக்கிவிட்டால் பெரும்பாலும் தவறு நேராது.

எல்லா வழக்கத்தையும் பழக்க வேண்டியதில்லை. 'கண்ணைப் பார்த்துப் பேசு' என்ற வற்புறுத்தல் விட்டுவிட வேண்டியவற்றில் ஒன்று. கண்ணைப் பார்ப்பது பலருக்கு உடல் அளவிலேயே சங்கடம் தருவதாக, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் காதில் விழுவது புரிகிறது என்பவர்களும் உண்டு. இயல்பை நாள் முழுக்க மறைத்து நடிப்பது களைப்பையும் மனச்சோர்வையும் கூட்டுகிறது.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் தளர்வு கூடாது. பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும் என்று மட்டும் கற்ற குழந்தை, தீங்கு செய்ய வரும் பெரியவர் சொல்வதையும் கேட்கும். பேருந்தில் பார்த்தவரும் 'மாமா'தான் எனும்போது, உறவுப் பெயரை வைத்து நம்பகமானவரை அடையாளம் காண வழியில்லை. குளிப்பாட்டுவதற்கும் உடை மாற்றுவதற்கும் யார் யார் தொடலாம் என்பதைப் பெயரும் படமுமாகக் காட்ட வேண்டும். அவர்களிலும் ஒருவர் தொடுவது பிடிக்காவிட்டால் 'வேண்டாம்' என்று சொல்லலாம், யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். பேச்சு வராத குழந்தைக்கு இதற்கென ஒரு சைகையோ பட அட்டையோ வேண்டும். வீட்டில் விருப்பமில்லாத முத்தத்துக்கு அந்த அட்டையைக் காட்டும்போது, முத்தம் கொடுக்க வந்தவர் பாட்டியே ஆனாலும் விலகிக்கொண்டால்தான் அட்டைக்கு மதிப்பு உண்டு என்று குழந்தைக்குப் புரியும்.