கழிவு நீரில் விளையும் படிகம்

ஹைதராபாத் நகரின் சாக்கடை நீரில் ஒரு பகுதி, மூசி ஆற்றங்கரையிலுள்ள அம்பர்பேட்டை நிலையத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. நாளொன்றுக்கு 339 மில்லியன் லிட்டர் நீரை ஏற்கும்படி அமைக்கப்பட்ட அந்நிலையத்தில், காற்றுப் புகாத தொட்டிகளில் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. அவ்வாறு சிதையுங்கால் நைட்ரஜன் அம்மோனியமாகவும், பாஸ்பரஸ் பாஸ்பேட்டாகவும் விடுபட்டு நீரில் கரைகின்றன. இவ்விரண்டுடன் மக்னீஷியமும் போதிய அளவு சேருமாயின், மக்னீஷியம் அம்மோனியம் பாஸ்பேட் என்னும் வெண்படிகம் தோன்றக்கூடும். 1845-இல் ஹாம்பர்க் நகரில் கண்டறியப்பட்ட இக்கனிமத்திற்கு ஸ்ட்ரூவைட் என்று பெயர். பெயர் புதிதாயினும் பொருள் ஆசிரியர்கள் அறிந்ததே. மக்னீஷிய உப்பைக் கண்டறியும் பள்ளிச் சோதனையில், அம்மோனியாவும் சோடியம் பாஸ்பேட்டும் சேர்த்ததும் விழும் வெண்ணிற வீழ்படிவு இதுவேயாகும்.

அச்சோதனையில் அம்மோனியா எதற்கு என்று மாணவர் வினவினால், அதற்குரிய விடையே நிலையப் பொறியாளருக்கும் வேண்டுவது. அமிலம் மிகுந்த நீரில் பாஸ்பேட்டை ஹைட்ரஜன் அயனிகள் பற்றிக்கொண்டிருக்கும். படிகத்திற்கு உதவும் தனிப் பாஸ்பேட் அயனி மிகச் சொற்பம். பி.எச். எண் உயர உயர அது பெருகும். ஆயின் இதற்கும் எல்லையுண்டு. 25 டிகிரி சென்டிகிரேடில் பி.எச். சுமார் 9.25-ஐ எட்டும்போது அம்மோனியத்தில் பாதி அம்மோனியாவாக மாறி, காற்றில் கலந்துபோக ஏதுவாகிறது. இரு தேவைகளும் இணங்குமிடம் ஏறக்குறைய 8.5 முதல் 9.5 வரை.

தொட்டியினுள் பி.எச். 7-ஐ ஒட்டி அடங்கியிருக்கும் கசடு நீர், பம்பிலும் குழாய் வளைவிலும் கலங்குகையில் கரியமில வாயுவை இழக்கிறது, பி.எச். உயர்கிறது, படிகம் அங்கேயே ஒட்டி இறுகுகிறது. லாஸ் ஏஞ்சலிஸின் ஹைப்பீரியன் நிலையத்தில் 1960-களில் 12 அங்குலக் குழாய் இவ்வாறு 6 அங்குலமாகக் குறுகிவிட்டது! களப்பணியாளர்கள் வெண்படிவு அனைத்தையும் சுண்ணாம்பென்று கொள்ளலாகாது. நீர்த்த அமிலத்தில் சுண்ணாம்புப் படிவு நுரைத்தெழும். ஸ்ட்ரூவைட் நுரையின்றிக் கரையும். கடின நீரில் இரண்டும் கலந்திருத்தலும் உண்டு.

குழாயில் தொல்லை தரும் இதே பொருள் வயலில் மெல்லக் கரையும் உரம். ஒரு கிலோ பாஸ்பரஸிலிருந்து ஏறத்தாழ 8 கிலோ படிகம் கிடைக்கும். பாஸ்பேட்டின் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நம் நாட்டிற்கு இது சிறிய செய்தியன்று. நீர்த்த சாக்கடை நீரில் முயல்வது வீண். செறிவுமிக்க கசடு நீரே தக்கது. அதன் பி.எச்.-ஐ உயர்த்தக் காஸ்டிக் சோடா வாங்கியே தீரவேண்டுமென்பதில்லை. காற்றை ஊதிக் கரியமில வாயுவை வெளியேற்றினால், வளைவில் நேர்வது தனித் தொட்டியில் நேரும். பெரும்பாலும் குறைவுபடுவது மக்னீஷியமே. உப்பளங்களில் உப்பெடுத்தபின் எஞ்சும் நீரில் அது மிகுதியாயுள்ளது. கடலுக்குத் தொலைவான ஹைதராபாத்திற்கு வண்டிக்கூலியையும் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.