தலை சுற்றினால் பித்தம்தானா?

ரிஷிவந்தியம் வட்டாரத்தில் யாருக்காவது திடீரென்று தலை சுற்றிக் கால் தள்ளாடினால், பக்கத்தில் இருப்பவர் வாயிலிருந்து முதலில் வருவது ‘பித்தம்’தான். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பார்கள், இல்லாவிட்டால் இஞ்சிச் சாறு. கொஞ்ச நேரம் படுக்கச் சொல்வார்கள். பல நேரம் சரியாகியும் விடும். அப்படிச் சரியாகிப் பழகியதால்தான், சரியாகாத தலைசுற்றல் வரும்போதும் வீட்டிலேயே காத்திருக்கிறார்கள்.

காத்திருக்கக் கூடாத தலைசுற்றல் எப்படி இருக்கும் என்பதை இதே கள்ளக்குறிச்சி மாவட்டம் 2024 ஜூனில் பார்த்தது. கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்று வலி, வாந்தி, தலைசுற்றல், கண் மங்கல் என்று அடுத்தடுத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கள்ளக்குறிச்சியில் இடம் போதாமல் விழுப்புரம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று அனுப்பினார்கள். 60 பேருக்கு மேல் இறந்தார்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால்.

மெத்தனால் குடித்த உடனே ஆளைச் சாய்ப்பதில்லை என்பதுதான் அதன் கொடுமை. முதலில் வழக்கமான போதையாகத்தான் தெரியும். கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுவதற்குப் பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாள்கூட ஆகும். அந்த அமிலம்தான் ரத்தத்தைக் கெடுத்துக் கண் நரம்பைத் தாக்குகிறது. மறுநாள் காலையில் தலை கிறுகிறுத்தால், மப்பு இன்னும் இறங்கவில்லை என்று குடித்தவரும் நினைப்பார், வீட்டில் உள்ளவர்களும் நினைப்பார்கள். டயாலிசிஸும் மாற்று மருந்தும் பலன் தரக்கூடிய நேரம் அதற்குள் ஓடிவிடும். குடித்தவருக்குப் பார்வை மங்கினால், போலீஸுக்குப் பயந்து மறைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இது அரிய விபரீதம். அன்றாடம் வரும் தலைசுற்றலில் கணிசமான பகுதி காதுக்குள்ளிருந்து கிளம்புகிறது.

இந்த ரகசியத்தைப் பிடித்தவர்களில் முக்கியமானவர் வியன்னாவில் காது மருத்துவராக இருந்த ராபர்ட் பாரனி. நோயாளியின் காதைக் குளிர்ந்த நீர் பாய்ச்சிக் கழுவினால் தலை சுற்றியது, கண்கள் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி ஆடின. வெந்நீர் விட்டால் அதே ஆட்டம் எதிர்ப்பக்கம் திரும்பியது. உள்காதில் இருக்கும் 3 அரைவட்டக் குழல்களுக்குள் திரவம் நகர்வதுதான் காரணம் என்று அவர் விளக்கினார். 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதி.

அந்தக் குழல்களுக்கு அருகில் கால்சியம் கார்பனேட்டாலான நுண்ணிய படிகங்கள் ஒட்டியிருக்கின்றன. வயதாகும்போதோ, தலையில் அடிபட்ட பிறகோ அவை உதிர்ந்து குழலுக்குள் விழுந்துவிடும். அப்புறம் படுக்கையில் புரண்டால், பரண்மேல் இருப்பதை அண்ணாந்து எடுத்தால், நாற்று நடக் குனிந்தால், வீடே சுழலும். பார்ப்பவருக்கும் பயம், படுபவருக்கு உயிரே போகிற பயம். ஆனால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். இதற்கு மாத்திரைகூடத் தேவையில்லை. நோயாளியைப் படுக்கவைத்துத் தலையை ஒரு முறைப்படி திருப்பித் திருப்பி, படிகங்களைப் பழைய இடத்துக்கே கொண்டுசேர்க்கும் சிகிச்சை இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி உருவாக்கியது. சில நிமிட வேலை. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே குணம் தெரியும். இவ்வளவு எளிதாகத் தீரும் நோய்க்கு மாதக்கணக்கில் மருந்துக்கடை மாத்திரை விழுங்குபவர்களை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. அந்த மாத்திரைகளில் ஒன்றான சின்னரிசினை வயதானவர்கள் நீண்ட நாள் சாப்பிட்டால், பார்க்கின்சன் நோய் போலக் கை நடுக்கமும் நடையில் தளர்ச்சியும் வரக்கூடும்.

காதைச் சேர்ந்த வேறு நோய்களும் உண்டு. காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவுமாகச் சேர்ந்து, சில மணி நேரம் சுற்றுவது மெனியர் நோய். சளி, காய்ச்சலுக்குப் பின் நாள்கணக்கில் சுற்றினால் சமநிலை நரம்பு வீங்கியிருக்கலாம்.

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு வரும் தலைசுற்றல் வேறு. வெயிலில் வியர்த்து உப்பும் நீரும் இறங்கிப்போயிருக்கும். மூக்கைக் கட்டாமல் பூச்சிமருந்து அடித்தவருக்குத் தலை சுற்றி, எச்சில் ஊறி, கண்மணி சுருங்கினால் அது விஷம் ஏறியதன் அடையாளம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதால், எழுந்தால் கண் இருட்டுகிறது என்று ஒரு பெண் சொன்னால் ரத்தத்தைச் சோதிக்காமல் விடக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பெரிய உதவிதான். ஆனால் கிருத்திகை விரதம் என்று சோற்றை விட்டுவிட்டு சுகர் மாத்திரையை மட்டும் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும். பிரஷர் மாத்திரை அளவு கூடிப்போனவர் படுக்கையிலிருந்து எழுந்த வேகத்தில் விழுவார். படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது சிறுமூளைப் பக்கவாதம். கை கால் விழாமலே வரும் என்பதால் பலரை ஏமாற்றுகிறது. திடீரென்று வரும் சுற்றலோடு பிடிக்காமல் நிற்கவே முடியாமை, பேச்சுக் குழறல், பொருள் இரண்டாகத் தெரிதல், விழுங்கச் சிரமம், இதுவரை இல்லாத கடும் தலைவலி: இவற்றில் எது சேர்ந்தாலும் பித்தம் என்று படுக்கவைக்கக் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை, ஆள் நன்றாக இருந்த கடைசி நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலைப்பாதை இறங்கி, சிறுவங்கூரில் 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருவதற்கே எவ்வளவு நேரம் போகும் என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கில் இஞ்சிச் சாற்றுக்கு இடமில்லை.

டாக்டரிடம் ‘தலை சுத்துது’ என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, படுத்தபோதா எழுந்தபோதா, காது அடைத்ததா, அன்று என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்று சொல்லுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். நிற்க முடியாத அளவுக்குச் சுற்றினால், பஸ்ஸுக்குக் காத்திராமல் 108க்குப் போன் போடுங்கள்.