கடன் கணக்கு கணினியிலா? கவனம்!

கடைக் கடன் கணக்கு முழுவதையும் நான் கணினியில்தான் வைத்திருந்தேன். ஒருநாள் பில் போடும்போது திரை அப்படியே நின்றது. மறுநாள் சில கோப்புகள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் உள்ளிருந்து 'டிக் டிக்' என்று சத்தம். கணினியைத் திரும்பத் திரும்ப நிறுத்தி இயக்கிப் பார்த்தேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு.

ஹார்ட் டிஸ்க்கினுள் இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கிறது. தட்டைத் தொடாமல் படிக்க வேண்டிய முனை பழுதானால், இயக்கும் ஒவ்வொரு தடவையும் தட்டு கீறுபடலாம். திருத்துநரால் பாதிக் கணக்கையே மீட்க முடிந்தது. மிகுதிக்கு வாடிக்கையாளரின் நேர்மையை நம்ப வேண்டியதாயிற்று.

ஆகவே, வேகம் குறைந்தாலோ கோப்பு திறக்க மறுத்தாலோ, முதல் வேலையாகக் கடன் கணக்கை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். டிஸ்க்கைக் கழற்றித் திறக்காதீர்கள். தூசு பட்டாலே கேடு.

அறிகுறி வரட்டும் என்றும் இருந்துவிட முடியாது. கூகுள் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை, டிஸ்க் தானாகவே தரும் நான்கு முக்கிய எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டியிருக்கவில்லை.

இப்போது நான் கடை பூட்டும்போது காசோடு கணக்கின் பிரதியையும் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்.