நட்பு ஏன் படைக்குப் பக்கத்தில்?

“அங்கிள், நட்பு எதுக்குப் பொருட்பால்ல இருக்கு? தப்பா அச்சடிச்சிட்டாங்களா?”

கேட்டது எதிர்வீட்டுப் பெண். உயர்நிலை 2 படிக்கிறாள். பள்ளியில் திருக்குறள் போட்டியாம், கையில் நகலெடுத்த தாள்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, செம்பவாங்கில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடை. அவளுடைய தாத்தாவுக்குத் தே ஓ கோசோங்: பாலும் கிடையாது, சீனியும் கிடையாது, டாக்டர் உத்தரவு. எனக்குத் தே தாரிக், அவளுக்கு ஐஸ் மைலோ. நடுவில் ஒரு தட்டில் மூன்று கறிபாப்.

அச்சுப்பிழை இல்லை என்றேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. நாம் குறளை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்று பழகிவிட்டோம். நாட்காட்டித் தாளில் ஒன்று, மேடைப் பேச்சில் ஒன்று, திருமண அழைப்பிதழில் ஒன்று. எந்த அதிகாரத்துக்குப் பக்கத்தில் எந்த அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிற வழக்கமே இல்லை. பொருளடக்கத்தைப் படிக்காமல் புத்தகத்தை மனப்பாடம் செய்கிற சாதி நாம்.

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அறத்துப்பால் 38 அதிகாரம், இன்பத்துப்பால் 25, நடுவில் பொருட்பால் 70. மொத்தம் 133. அறநூல் என்று பெயர் வாங்கிய புத்தகத்தில் பாதிக்கு மேல் ஆட்சியும் அதிகாரியும் கருவூலமும் படையும் பகையும்தான். அந்த எழுபதையும் மூன்று கட்டாகக் கட்டியிருக்கிறார்கள். அரசனுக்கு 25, அரசின் உறுப்புகளுக்கு 32, இரண்டிலும் அடங்காமல் மிஞ்சியதற்கு 13. உறுப்பு என்றால் உடம்புக்குக் கை கால் மாதிரி, இல்லாவிட்டால் நடமாட முடியாது. ஓர் அரசுக்கு எவை உறுப்பு? அமைச்சர், நாடு, கோட்டை, செல்வம், படை. ஆறாவதாக நண்பர்.

77ஆவது அதிகாரம் படைமாட்சி, 78 படைச்செருக்கு. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் 79, நட்பு.

“அப்போ இது ஃபிரண்ட்ஸ் பத்தி இல்லையா? நாட்டுக்கு நாடு ஃபிரண்ட்ஷிப்பா?”

இரண்டும்தான் என்றேன். படிக்கிறவன் அரசனாக இருந்தால் அண்டை நாடு, நம்மைப் போன்றவர்களாக இருந்தால் அண்டை வீடு. வள்ளுவர் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லவில்லை. பிரிக்காமல் விட்டதுதான் எனக்கு விஷயமாகப் படுகிறது. நண்பனைத் தேர்ந்தெடுப்பது மனசு சம்பந்தப்பட்ட காரியம் மட்டும் அல்ல, நிர்வாகமும் கூட என்று அவர் நினைத்திருக்கிறார். அதனால்தான் கோட்டைக்கும் கருவூலத்துக்கும் போட்ட அதே கணக்கில் இதையும் எழுதினார்.

இதைச் சொல்ல செம்பவாங்கைவிடத் தோதான இடம் கிடைக்காது. இங்கே கடலோரத்தில் பிரிட்டிஷார் கட்டிய கடற்படைத் தளத்தைப் பழைய ஆட்கள் இன்னும் ‘நேவல் பேஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். கேன்பரா, ஒட்டாவா, மாண்ட்ரியல், அட்மிரல்டி என்று இங்குள்ள சாலைப் பெயர்கள் எல்லாம் அந்தக் காலத்து மிச்சம். 1920களில் திட்டமிட்டு, சுமார் 6 கோடி பவுண்டு கொட்டி, சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் கட்டினார்கள். 1,000 அடி நீளத்தில் உலர்துறை. தளத்தின் திறப்பு விழா 1938 பிப்ரவரி 14.

கோட்டை தயார். ஆனால் கோட்டைக்குள் நிறுத்தக் கப்பல் இல்லை. கிழக்கே போர் மூண்டால் பெரிய கடற்படையை பிரிட்டனிலிருந்து அனுப்பிவைப்போம் என்பதுதான் லண்டனின் வாக்கு. மூண்டபோது லண்டனுக்கே ஐரோப்பாவில் கழுத்துவரை சண்டை. 1941 டிசம்பர் 2ஆம் தேதி ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரண்டு பெரிய கப்பல்கள் சில துணைக் கப்பல்களோடு இந்தத் துறைக்கு வந்தன. மேலே பாதுகாப்புக்கு விமானம் இல்லை. 8ஆம் தேதி மாலை இங்கிருந்து புறப்பட்டவை, 10ஆம் தேதி குவாந்தான் பக்கம் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலில் மூழ்கின. 840 பேர் இறந்தார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. திறப்பு விழா நடந்து சரியாக நான்கு வருஷமும் ஒரு நாளும்.

அரண் என்ற அதிகாரத்தை வள்ளுவர் எப்படி முடிக்கிறார் தெரியுமா? ஒன்பது பாட்டில் கோட்டையின் உயரம், அகலம், உள்ளே இருக்கவேண்டிய பொருள் என்று ஒரு பொறியாளர் மாதிரி சொல்லிக்கொண்டே வந்துவிட்டு, பத்தாவதில், செயலில் சிறப்பு இல்லாதவனிடம் இருந்தால் எந்தக் கோட்டையும் கோட்டை இல்லை என்று எழுந்து போய்விடுகிறார்.

தாத்தா அதுவரை பேசாமல் இருந்தார். அவர் 16 வயதில் அந்தக் கடற்படைத் தளத்தில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தவர்.

“தம்பி, நீங்க சொல்றது ஜப்பான்காரன் காலம். நான் பார்த்தது அறுபத்தெட்டு. வெள்ளைக்காரன் போறான்னு ரேடியோவுல சொன்னப்போ எங்க வீட்டுல அடுப்பு எரியல.”

1968 ஜனவரி. 1971 முடிவதற்குள் தளங்களைக் காலி செய்கிறோம் என்று பிரிட்டிஷ் பிரதமர் வில்சன் அறிவித்தார். சிங்கப்பூர் தனி நாடாகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. செம்பவாங்கில் தமிழரும் மலையாளிகளும் சீனரும் மலாய்க்காரரும் ஆயிரக்கணக்கில் அங்கேதான் வேலை பார்த்தார்கள். கிடைத்த பணத்தை வாங்கிக்கொண்டு ரஜூலா கப்பலில் ஏறி நாகப்பட்டினம் போனவர்களைத் தாத்தா விரல்விட்டு எண்ணினார். ஒரு கை போதவில்லை.

அதே 1968இல் கப்பல்பட்டறையைச் சிங்கப்பூர் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். விலை, பேருக்கு ஒரு வெள்ளி. செம்பவாங் ஷிப்யார்ட் என்று பெயர் மாற்றி, போர்க்கப்பல் பழுதுபார்த்த இடத்தில் வணிகக் கப்பல்களைப் பழுதுபார்த்தார்கள். தாத்தா அங்கேயே இருந்து, அங்கேயே ஓய்வு பெற்றார்.

“ஒரு வெள்ளிக்கு அவ்வளவு பெரிய இடத்தையா? அப்போ அவங்க நல்ல ஃபிரண்டுதானே?” என்றாள் பேத்தி.

தாத்தாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விட்டுப்போனவன் வாசல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். அதை நட்பு என்பதா, நாகரிகம் என்பதா? நான் நாகரிகம் என்ற பக்கம். தாத்தா, “சாவியக் கொடுக்காம போனவனும் உலகத்துல உண்டு தம்பி” என்றார். அதுவும் சரிதான்.

1971 நவம்பரில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஐந்தும் ஒரு தற்காப்பு ஏற்பாட்டுக்கு வந்தன. மலேசியாவையோ சிங்கப்பூரையோ யாராவது தாக்கினால் ஐந்து நாடுகளும் உடனே கலந்து பேசும். அவ்வளவுதான். சண்டைக்கு வந்தே தீருவோம் என்ற உறுதிமொழி அதில் கிடையாது. ஏற்பாடு இன்னும் நடப்பில் இருக்கிறது. நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா மூன்றுக்கும் செம்பவாங் துறையில் இன்றும் சிறு பிரிவுகள் உண்டு.

இடுப்புத் துணி நழுவும்போது கை தானாகப் போய்ப் பிடிக்குமே, அதுதான் நட்புக்கு வள்ளுவர் காட்டும் அளவு. கை முதலில் கூட்டம் போட்டுக் கலந்து பேசுவதில்லை. அந்த அளவுகோலை வைத்தால் உலகத்தில் எந்த ஒப்பந்தமும் தேறாது. சரி, அப்படியானால் அரசியல் கணக்கில் அதை ஏன் வைத்தார்? எனக்குத் தோன்றுகிற பதில்: அப்படிப்பட்ட கை அரிது என்று தெரிந்துதான் அடுத்த நான்கு அதிகாரத்தையும் எழுதினார். நட்பைப் புகழ்வது ஒரே ஒரு அதிகாரம். அதன் பிறகு நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. புகழ்ச்சிக்குப் பத்துப் பாட்டு. சோதிப்பது, பழைய நட்பைக் காப்பது, விலகுவது, வேஷத்தை அடையாளம் காண்பது என்று நாற்பது.

“ஆராய்தல்னா டெஸ்ட் வைக்கறதா?”

ஆமாம். 51ஆவது அதிகாரம் தெரிந்து தெளிதல் என்று ஒன்று. அதிகாரியை வேலைக்கு எடுப்பதற்கான விதிகள். ஆளின் குணத்தையும் பார், குற்றத்தையும் பார், எது அதிகமோ அதை வைத்து முடிவு செய் என்கிறது. நட்பாராய்தல் அதற்கு உடன்பிறந்த தம்பி. ஆராயாமல் பழகிவிட்டால் பிறகு கழற்றிவிட முடியாது, அதனால் முன்னாலேயே பார். ஆளை அளக்க நல்ல கோல் நமக்கு வரும் கஷ்டம்தான், ஆகவே கஷ்டத்திலும் ஒரு லாபம் உண்டு என்பது அங்கே வரும் வேடிக்கையான கணக்கு. 68இல் இந்தக் குட்டித் தீவுக்குக் கிடைத்த லாபம் அதுதான்.

உரைகாரர் பரிமேலழகர் இன்னும் ஒரு படி போகிறார். 79 தொடங்கி 95 வரைக்கும் 17 அதிகாரமும் நட்பு என்ற ஒரே உறுப்பில் அடங்கும் என்பது அவர் பகுப்பு. பகை நட்பின் மறுபக்கம் என்பதால் அதுவும் உள்ளே. உட்பகை உள்ளே. கள், சூது உள்ளே. கடைசியில் மருந்துகூட உள்ளே. சாப்பிட்டது செரித்த பிறகு சாப்பிடு என்று சொல்கிற அதிகாரத்துக்கும் நட்புக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. நோயையும் ஒரு பகையாக எண்ணிப் பார்த்தால் புரிகிறது. தாத்தா தன் கறுப்புத் தேத்தண்ணியை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அந்தப் பதினேழில் பெண்வழிச் சேறல் என்றும் ஒன்று இருக்கிறது. மனைவி பேச்சைக் கேட்டு நடக்கிறவனை இகழ்வது. அதை நான் அவளுக்கு விளக்கவில்லை, விளக்க விருப்பமும் இல்லை. வள்ளுவர் சொன்னார் என்பதற்காக ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையாட்ட வேண்டுமா என்ன?

“அப்போ லவ்? அதுக்கும் டெஸ்ட் உண்டா?”

தாத்தாவுக்கு இருமல் வந்தது.

அன்பை வள்ளுவர் மூன்று இடத்தில் வைத்திருக்கிறார். வீட்டுக்குள் இருப்பது அன்புடைமை, அறத்துப்பாலில். வெளியே இருப்பது நட்பு, பொருட்பாலில். காதல் தனியாக மூன்றாம் பாலில். ‘காதலாராய்தல்’ என்று அந்த 25இல் ஓர் அதிகாரத்தைத் தேடிப் பாருங்கள், கிடையாது. அங்கே இருப்பது பார்ப்பதும் தவிப்பதும் காத்திருப்பதும், கடைசியில் ஊடலில் ஒரு சந்தோஷமும். நண்பனைப் பத்து முறை சோதி என்ற மனுஷன் காதலியைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீரமாமுனிவர் 1730இல் லத்தீனில் குறளை மொழிபெயர்த்தபோது முதல் இரண்டு பாலோடு நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் போட்டிக்குக் கொடுக்கும் தாள்களும் இன்றுவரை அவர் வழியில்தான் போகின்றன.

ஆனால் இரண்டு உலகத்துக்கும் ஒரு பாலம் உண்டு. 71ஆவது அதிகாரத்தின் பெயர் குறிப்பறிதல். அரசன் வாய் திறக்கும் முன் அவன் முகத்தைப் படிக்கத் தெரிந்த அமைச்சனைப் பற்றியது. 110ஆவது அதிகாரத்தின் பெயரும் குறிப்பறிதல். அவள் பார்வையைப் படிக்கிற காதலனைப் பற்றியது. பெயர் தட்டுப்பாட்டில் இரண்டு முறை வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. சொல்லாததைப் படிக்கத் தெரியாதவனுக்கு அமைச்சு வேலையும் சரிப்படாது, காதலும் சரிப்படாது. இதைச் சொன்னதும் பெண் முதல்முறையாகப் பேனாவைக் கேட்டு வாங்கி, இரண்டு எண்ணையும் வட்டமிட்டுக்கொண்டாள். போட்டிக்கு இது வராது என்று சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை என்றாள்.

பொருட்பாலில் மிச்சமிருந்த நல்லாட்சியைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொன்னேன், மைலோ முடியப்போகிறது. அரசன் எளிதில் பார்க்கக் கூடியவனாக இருக்க வேண்டும், கடுஞ்சொல் பேசக்கூடாது. காதுக்குக் கசப்பானதைச் சொன்னாலும் பொறுத்துக் கேட்க வேண்டும். முதல் பாதி இந்த ஊரில் நடக்கிறது. 1955இல் டேவிட் மார்ஷல் தொடங்கிய மக்கள் சந்திப்பு இன்றும் தொகுதிக்குத் தொகுதி நடக்கிறது. வாடகை பாக்கி, வேலை அனுமதி என்று மனுவோடு போய் நாடாளுமன்ற உறுப்பினர் எதிரே உட்காரலாம். கசப்பைக் கேட்கும் இரண்டாம் பாதி எந்த நாட்டு ஆட்சிக்கும் கொஞ்சம் கஷ்டமான பாடம்.

“81 என்ன அங்கிள், பழைமை? பழசை எல்லாம் காப்பாத்தறதா?”

பதில் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் தாத்தாவின் கூட்டாளி வந்துவிட்டார். மலையாளி. பட்டறையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் முப்பது வருஷம். நாற்காலியை இழுத்துப் போட்டார், தாத்தாவின் கோப்பையைத் தூக்கி ஒரு வாய் குடித்தார், “அய்யே, மதுரம் இல்லா” என்று முகம் சுளித்தார், தட்டில் மிச்சமிருந்த கறிபாப்பை எடுத்துப் பாதியைக் கடித்தார். தாத்தா தமிழ் முரசிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அது யாருடைய கறிபாப் என்று யாரும் கேட்கவில்லை.

பெண் அவரையும் தாத்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் மைலோவை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.